கரை நகரும் ஏரியில் நிழல் கட்டுவது எப்படி?

அக்டோபர் பிறந்துவிட்டால் சென்னைக்காரர்கள் காலையில் தேடும் முதல் எண் ஏரிகளின் நீர்மட்டம். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி, புழலுக்கு 21 அடிக்குச் சற்று மேல். நேற்று எத்தனை அடி, இன்று எத்தனை, உபரிநீர் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று டீக்கடை வரை இதே பேச்சு. இதே ஊரில், 2019 ஜூனில், இதே ஏரிகளின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததையும் பார்த்திருக்கிறோம். ஏரியில் நீந்துவோருக்குக் கரையோரமாக ஒரு நிழலிடம் வடிவமைக்கப் புறப்படுகிறவர் கையில் எடுக்க வேண்டிய முதல் தகவல் இந்த ஏற்ற இறக்கம்தான். கூரை என்ன, மரம் என்ன, சூரிய ஒளித் தகடு எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த யோசனை பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்பதும் நமக்குத் தெரியும். குளிர் நாடுகளின் ஏரியோரத்தில் ஒரு மரக் குடில், உள்ளே விறகு அடுப்பு, தண்ணீரைப் பார்த்தபடி பெரிய கண்ணாடி ஜன்னல். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் குடிலின் ஒவ்வொரு பாகத்துக்கும் அந்த ஊரில் ஒரு காரணம் உண்டு. பத்துப் பன்னிரண்டு டிகிரி தண்ணீரிலிருந்து வெளியே வந்த பிறகும் உடலின் உள்வெப்பம் சில நிமிடங்கள் இறங்கிக்கொண்டேதான் போகும். கை விறைத்துப் பொத்தான் போட வராது. அதனால் காற்றைத் தடுக்கும் நான்கு சுவர், சூடு, உட்கார ஒரு பலகை. சூரிக் நகரத்தில் ஏரியின் மேலேயே தூண் நட்டு மரத்தால் குளியல் மேடைகள் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் கட்டியவை இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த ஏரியின் மட்டத்தை மதகுகளால் ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதனால் மேடைக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி வருடம் முழுக்க ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

அதே குடிலை இங்கே கொண்டுவந்து வைத்தால் அடுப்புக்கு வேலையே இல்லை. மே மாதத்தில் நம் ஏரித் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். கண்ணாடி ஜன்னல் வைத்த அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் நீந்தியதைவிட அதிகமாக நனைந்துவிடுவோம். இங்கே நீந்தி வருகிறவருக்கு வேண்டியது நிழல், காற்று, வழுக்காத படி, துணி மாட்ட ஒரு கொடி, ஒரு குவளை நல்ல தண்ணீர், உடை மாற்ற மறைவு. டிசம்பர் மழையில் நனைந்தபடி ஏறி வரும்போது நடுக்கம் இருக்கும் என்பது உண்மைதான். அதற்கு வடகிழக்குப் பக்கம் ஒரு தட்டி போதும்.

ஏரியின் உடம்பு

ஏரி என்பது இயற்கையான பள்ளத்தில் தேங்கிய நீர் என்று நினைத்துக்கொண்டு வரைபடம் போட்டால் எல்லாம் தப்பாகப் போகும். சென்னையைச் சுற்றியுள்ள நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவின் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண்கரை போட்டு, மேட்டிலிருந்து வரும் நீரை மறித்தால் அதுதான் ஏரி. அதனால் கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும். ஆழமும் கரையை ஒட்டித்தான். மேற்கே போகப் போக ஆழம் குறைந்து, கரைக்கு எதிரே நீர் வந்து சேரும் ஆழமில்லாத பக்கமான உள்வாயில் முழங்கால் அளவாகி, ஒரு கட்டத்தில் தண்ணீர் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. வரத்துக் கால்வாய் வழியாக நீர் வரும், மதகு வழியாக வயலுக்குப் போகும், மிஞ்சினால் உபரிநீர் வழிந்தோடும் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். ஒரு ஏரியின் உபரி இன்னொன்றின் வரத்து. இந்தச் சங்கிலியை அறுத்து அறுத்துத்தான் மாநகரம் வளர்ந்தது. மாம்பலம் பக்கம் இருந்த நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. வியூதான் இல்லை.

உள்வாயின் சரிவு எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஒரு கணக்கு. 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று சரிவு இருந்தால், நீர்மட்டம் இரண்டு மீட்டர் இறங்கும்போது தண்ணீரின் ஓரம் 400 மீட்டர் பின்வாங்கிவிடும். வெயிலில் ஆவியாவது மட்டுமே கோடையில் நாளுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர். இதில் பாசனமோ குடிநீரோ எடுப்பது தனி. ஆக, உள்வாய்ப் பக்கம் தண்ணீரை ஒட்டி ஜனவரியில் கட்டிய குடில், ஜூனில் பொட்டல்வெளி நடுவே அனாதையாக நிற்கும். ஜூனில் தண்ணீரை ஒட்டிக் கட்டியது நவம்பரில் முழுகிவிடும்.

புறநகரில் ஏரி ஒன்றைத் தூர்வாரி அழகுபடுத்தியபோது, உள்வாயில் ஒரு சிமெண்ட் கூடாரம் கட்டி, டைல்ஸ் ஒட்டி, சுற்றிக் கம்பி வேலி போட்டதைப் பார்த்திருக்கிறேன். முதல் மழைக்கே இடுப்பளவு தண்ணீர் அதற்குள் நின்றது. மறு கோடையில் அங்கே நீந்துகிறவர் யாரும் இல்லை. சீட்டாடுகிறவர்கள் இருந்தார்கள். கட்டியவர்களின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வருடம் அந்த ஏரியை அவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஆழம் கரையை ஒட்டித்தானே, கரை மேலேயே கட்டிவிடலாமே என்று தோன்றும். அதுதான் ஆபத்தான யோசனை. ஏரிக்கரை அடுக்கடுக்காக இறுக்கிய வெறும் மண். அதில் தூண் நட ஒரு குழி தோண்டினால், தூணுக்கும் மண்ணுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி விழும். ஏரி நிரம்பியிருக்கும்போது நீர் அந்த வழியைக் கண்டுபிடித்துக் கசியும். கசிவு மண்துகளை இழுத்துக்கொண்டு வந்தால் துளை பெரிதாகும். கரை உடைப்புகளில் பல இப்படிச் சத்தமில்லாமல்தான் தொடங்குகின்றன. எலி வளை, நண்டு வளை, செத்த மரத்தின் வேர் போன பாதை என்று ஏரியையும் பாசனத்தையும் கவனித்துக்கொண்ட பழைய நீர்க்கட்டிகள் இதையெல்லாம் தேடித் தேடி அடைத்துக்கொண்டிருந்தது சும்மா இல்லை. கரையின் வெளிப்புற அடிவாரமும் அப்படித்தான். அங்கே தோண்டுவது சுவரின் கால்மாட்டைச் சுரண்டுவதற்குச் சமம். மழைக்காலத்தில் அந்த இடமே சதசதவென்று ஊறிக் கிடக்கும்.

மிஞ்சுவது ஒரே இடம். பிறையின் இரண்டு முனைகளில், மண்கரை முடிந்து இயற்கையான மேட்டு நிலத்தோடு சேரும் இடம். அங்கே நிலம் கெட்டியாக இருக்கும், வெள்ள மட்டத்துக்கு மேலேயும் இருக்கும். தண்ணீரும் ஒரேயடியாக ஆழமாகாமல் படிப்படியாக இறங்கும். ஒரு முனையில் பெரும்பாலும் கலங்கல் இருக்கும். நிரம்பி வழியும் நாளில் அந்தப் பக்கம் இழுப்பு பயங்கரமாக இருக்கும், ஆகவே மற்ற முனை. மதகிலிருந்தும் நல்ல தூரம் தள்ளியே இருக்க வேண்டும். மதகு திறந்திருக்கும்போது அடியில் இழுக்கும் விசை மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2017ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகள், உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானத்தைத் தடுக்கின்றன. ஆனால் பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலைகள் அந்த வரையறைக்குள் வராது. அதை வைத்து யாரும் சந்தோஷப்பட வேண்டாம். தமிழ்நாட்டு ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. ஏரி எல்லைக்குள் எழும் கட்டடம், அது எவ்வளவு பசுமையானதாக இருந்தாலும், ஆக்கிரமிப்புதான்.

கல் பாதி, கழி பாதி

இடம் இப்படிச் சுருங்கிவிட்ட பிறகு, நிழலிடத்தை இரண்டாகப் பிரிப்பதுதான் சரி என்பது என் கட்சி. மேட்டு நிலத்தில் நகராத ஒரு பாதி. தண்ணீரோடு கூடவே நடக்கும் இன்னொரு பாதி.

நகரும் பாதிக்கு வெளிநாட்டுப் படம் பார்க்கத் தேவையில்லை. பந்தல்காரரைக் கூப்பிட்டால் போதும். நாலு ஆள், ஒரு சின்ன லாரிச் சுமை சவுக்குக் கழி, கீற்று, கயிறு. காலையில் வந்தால் மாலைக்குள் நிழல் தயார். குழி ஒன்றரை அடிக்கு மேல் போகாது. பிரித்துக்கொண்டு போனால் தரையில் ஒரு ஆணியும் மிச்சமிருக்காது. அதே கழி அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்கும் அதற்கடுத்த வாரம் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கும் போகும். பொருளை மறுபடி மறுபடி பயன்படுத்துவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பொங்கல் கழிந்து, நீர் இறங்கத் தொடங்கும்போது முதல் பந்தல் போடலாம். மார்ச்சில் ஒரு முறை, மே மாதத்தில் ஒரு முறை தண்ணீர் போன வழியே நகர்த்தலாம். செப்டம்பர் கடைசியில் பிரித்துவிட வேண்டும். புயல் மாதங்களில் பந்தலே இருக்காது என்பதால் அது பறந்துபோகும் என்ற பயமும் இல்லை. கீற்று கோடை முழுக்கக் காய்ந்து கிடக்கும் பண்டம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பந்தலடியில் அடுப்பும் வேண்டாம், பீடியும் வேண்டாம்.

நகராத பாதி வேறு கணக்கு. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 50 மீட்டரை வைக்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது ஊரின் மரங்கள் எப்படிக் கிடந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் மிகையாகத் தெரியாது. சுவரில்லாத கூரையின் பெரிய எதிரி, அடியில் புகுந்து மேலே தூக்கும் காற்று. அங்கே கனம் ஒரு நன்மை. தகரக் கூரை மலிவு, ஆனால் பிய்த்துக்கொண்டு பறந்தால் கத்தி. வெயிலில் அடியில் நிற்கவும் முடியாது. பனைமரத்தைப் பிளந்து எடுத்த சட்டங்களான பனங்கைகள் மேல் நாட்டு ஓடு வேய்ந்தால் குளுமைக்குக் குறைவில்லை. ஆனால் வைரம் பாய்ந்த முதிர்ந்த பனைதான் தாங்கும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது நியாயமானதே. இடிக்கும் பழைய வீடுகளிலிருந்து எடுத்த பனங்கைகள் விற்பனைக்கு வருகின்றன. கிடைத்தால் விடக்கூடாது. கிடைக்காவிட்டால் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட பழைய மெட்ராஸ் தளம்.

தூணுக்கு என் வாக்கு கருங்கல்லுக்கு. கொடிப்பந்தல் போடும் தோட்டங்களில் நிற்குமே, அதே ஒல்லிக் கல்தூண். நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காயும் இடத்தில் மரம் மண்மட்டத்தில்தான் முதலில் உளுத்துப்போகும். கரையானும் அங்கேதான் ஏறும். கல்லுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. உட்காரும் பலகைகளுக்கு, ஏரிகளை அடைத்துக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலம் போதும். வளைந்த மரம்தான், ஆனால் இரும்பு மாதிரி கெட்டி. தூர்வாரும்போது எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள்.

திசைக் கணக்கும் இங்கே தனி. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் வடக்குப் பக்கமிருந்து விழும். தெற்கே மட்டும் தாழ்வாரம் நீட்டினால் ஏறக்குறைய நாலு மாதமும் வீண். ஆனால் நீந்துகிறவர்கள் வருவது விடியலில். ஏழரை, எட்டு மணிக்குக் கிழக்கு வெயில் சாய்ந்து வரும், எந்தக் கூரையின் கீழும் நுழைந்துவிடும். அதற்கு மரமோ தட்டியோதான் மருந்து. கிழக்கே இரண்டு புங்கை நட்டு ஐந்து வருடம் பொறுத்திருந்தால் தட்டிச் செலவும் மிச்சம்.

இடி மின்னலுக்கு மட்டும் இந்த இரண்டு பாதிகளையும் நம்பக் கூடாது. கோடை மழையும் தென்மேற்குப் பருவகாலத்து மாலை மழையும் சென்னையில் இடியோடுதான் வரும். நாலு பக்கமும் திறந்த கூரை மின்னலிலிருந்து யாரையும் காப்பாற்றாது. வெட்டவெளியில் உயர்ந்து நிற்பதால் ஒருவேளை மோசமாகவும் ஆகலாம். இடி கேட்டால் தண்ணீரை விட்டு ஏறி, உறுதியான கட்டடத்துக்கோ காருக்கோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் திரும்பக் கூடாது. இதைப் பெரிய எழுத்தில் தூணில் எழுதி வைக்கலாம்.

கழுவும் தண்ணீர், கழிப்பறை

12 அடிக்கு 36 அடி கூரை என்றால் சுமார் 40 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் வருடத்துக்கு 45,000 லிட்டர் கிடைக்க வேண்டும். முப்பது பேர், ஆளுக்குப் பத்து லிட்டர் என்றால் 150 நாளுக்குப் போதும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டிவிடும். 5,000 லிட்டர் தொட்டியை நிரப்ப 156 மில்லிமீட்டர் மழை போதும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 490 மில்லிமீட்டர் பெய்தது. நிரம்பிய தொட்டிக்கு மேல் பெய்வதெல்லாம் ஓடித்தான் போகும், ஏப்ரலில் தொட்டி காலி. ஆகவே மழைநீரை முழு ஆதாரமாக எண்ணாமல், அடிகுழாயோ கிணறோ ஒன்று துணைக்கு வேண்டும். குளியலுக்கு ஷவர் வேண்டாம், குவளை போதும். குவளையில் அள்ளி ஊற்றுகிறவர் பத்து லிட்டரில் முடித்துவிடுவார். சோப்பு, ஷாம்பு அறவே கூடாது. அப்போதுதான் வடிநீரைக் கல்வாழைப் பாத்தி ஒன்றுக்குத் திருப்பிவிட முடியும்.

கழிப்பறையில் செப்டிக் டேங்க் வைத்தால் எல்லா நல்ல எண்ணமும் கெட்டுவிடும். ஏரியோரத்தில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும். தொட்டியில் ஊறுவது நேராக ஏரிக்கே போகும். திருச்சி மாவட்டம் முசிறியில், காவிரிக் கரையில் இதே நிலத்தடி நீர்ச் சிக்கலுக்கு உலர் கழிப்பறைகளைக் கட்டினார்கள். தரைக்கு மேலே இரண்டு அறை, மலம் தனி, சிறுநீர் தனி, தண்ணீருக்குப் பதில் சாம்பல். ஓர் அறை நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவது. பழகக் கொஞ்ச நாள் ஆகும். தினமும் கவனிக்க ஓர் ஆள் இல்லாவிட்டால் நாறிவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தைத் திட்டச் செலவில் முதலிலேயே எழுதாதவர்கள் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

எந்தத் தண்ணீரில்?

இவ்வளவும் பேசிவிட்டு அடிப்படைக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. 1994இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த குற்றாலீஸ்வரன் நம்மூர்ச் சிறுவன். திறந்த நீர் நீச்சல் சென்னைக்குப் புதிதில்லை. ஆனால் மெரினா அலையில் இறங்குவது உயிரோடு விளையாடுவது, குடிநீர் ஏரிகளில் இறங்கக் கூடாது. நகருக்குள் மிஞ்சியிருக்கும் ஏரிகளில் பலவற்றில் சாக்கடை கலக்கிறது. குளிக்கத் தகுந்த நீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகைப்படுத்துவதற்கு 100 மில்லிலிட்டரில், சாக்கடைக் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிகளின் எண்ணிக்கை 500க்குள் இருக்க வேண்டும். லிட்டருக்குக் கரைந்த ஆக்சிஜன் குறைந்தது 5 மில்லிகிராம், நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) 3 மில்லிகிராமுக்குள். பரிசோதனைக்குப் போகும் முன்பே கண்ணால் ஒன்று பார்க்கலாம்: ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும் ஏரிக்குள் கழிவுநீர் வருகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல ஏரியிலும் முதல் மழை தெருவின் அழுக்கையெல்லாம் அடித்துக்கொண்டு வரும், எலிச்சிறுநீர் உட்பட. காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் எலிக்காய்ச்சல் அதன் வழியே நுழையும். மழைக்குப் பின் சில நாட்கள் இறங்காமல் இருப்பதே புத்தி. மூக்கு வழியே ஏறி மூளையைத் தாக்கும் அமீபா, வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. மிக அரிதானது, ஆனால் 2024லும் 2025லும் கேரளத்தில் உயிர்களைப் பறித்தது. மூக்குக் கிளிப் விலை அதிகமில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் கொல்வது பள்ளங்கள். சவுடு மண் அள்ளிய குழிகள் ஏரித்தரையில் ஆங்காங்கே கிடக்கும். இடுப்பளவில் நடந்துகொண்டிருந்தவர் அடுத்த அடியில் ஆளுயர நீரில் இருப்பார். கைவிட்ட கல்குவாரிகள் தெளிந்த நீரோடு ஆசை காட்டும். 2019 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைத்தான் சென்னைக்கே சுத்திகரித்துக் கொடுத்தார்கள். ஆனால் அங்கே ஓரம் என்று ஒன்று கிடையாது, செங்குத்தான பாறைதான். கோடையில் ஏரி வற்றும்போது தரையை அளந்து, குழிகளைக் குறித்து, நிரம்பியதும் அந்த இடங்களில் மிதவை கட்ட வேண்டும். நிழலிடத்தின் பட்ஜெட்டில் இது கூரைக்கு முன்னால் வர வேண்டிய வரி. கயிறு கட்டிய லாரி டியூப் இரண்டு, கைக்கெட்டும் உயரத்தில், பூட்டு இல்லாமல் தொங்க வேண்டும்.

ஏரி நீந்துகிறவர்களுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. மீன் பிடிக்கும் உரிமையை (மீன்பாசி) ஏலம் எடுத்தவர் விடியலில் வலை இழுப்பார், அவருக்கும் அந்த நிழலில் பங்கு உண்டு. வலசைப் பறவைகள் நவம்பர் முதல் உள்வாய்ச் சேற்றில் இரை தேடும். நல்லவேளையாக, நீந்த ஆழம் வேண்டும், நாரைக்கு ஆழம் வேண்டாம். கரைப்பக்கம் நமக்கு, உள்வாய் அவற்றுக்கு என்று மிதவைக் கோடு ஒன்று போட்டால் சண்டை வராது. பெண்கள் வர வேண்டும் என்றால் உடை மாற்றும் அறை ஏரிக்கரைச் சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கம் திறக்க வேண்டும். சுவர் ஏழடி, மேலே ஓட்டை வைத்த செங்கல் தலைக்கு மேல் உயரத்தில். செல்போன் கேமரா வந்த பிறகு தட்டி மறைப்பை எந்தப் பெண்ணும் நம்புவதில்லை. அறைக்குப் போகும் வழி புதர் மண்டாமல் இருந்தால் பாம்பு பயமும் குறையும், மனிதர் பயமும் குறையும்.

ஆகவே ஏதாவது ஒரு குடியிருப்போர் சங்கமோ நீச்சல் குழுவோ பணம் சேர்த்துவிட்டோம், நாளைக்கே தொடங்கலாமா என்று கேட்டால் நான் கையில் கொடுப்பது பன்னிரண்டு சவுக்குக் குச்சியும் ஒரு பெயிண்ட் டப்பாவும்தான். ஜனவரி முதல் தேதி தண்ணீர் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு குச்சி. பிப்ரவரி முதல் தேதி இன்னொன்று. ஜூன், ஜூலையில் குச்சிகளுக்கிடையே நடந்துபோகவே நேரம் பிடிக்கும். நவம்பரில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் முழுகியிருக்கும், டிசம்பர்க் குச்சியைக் கரைமுனை மேட்டில்தான் நட வேண்டியிருக்கும். கல்தூணுக்கான குழியை அதற்கு மேலே, பத்தடி தள்ளித் தோண்டலாம்.